மூன்றாம் தண்ணீர்

விழிஞ்ஞத்துச் சாப்பாட்டுக்கடையின் பின்புறம், காலை வெயில் விழும் சிமெண்டுத் தரையில் ஜெஸ்லின் குந்தியிருக்கிறாள். எதிரே பிளாஸ்டிக் தொட்டியில் கடல்நீர், அதில் நூறு சிப்பி. சேற்றைக் கக்கட்டுமென்று இரண்டு தடவை தண்ணீர் மாற்றிவிட்டாள். குளச்சலில் அம்மா வீட்டிலும் இதுதான் வழக்கம். மூன்றாம் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். இன்று தெளியவில்லை. வாய் பிளந்த ஒவ்வொரு சிப்பியிலிருந்தும் நூல்போல ஏதோ எழும்பி, மேலே மயில்கழுத்து நிறத்தில் படர்கிறது. “எங்கேருந்து எடுத்தீங்க அண்ணே?” முக்குளித்துக் கொண்டுவந்த சில்வஸ்டர் தலையைத் துவட்டுகிறான். “தடைப்பாறையிலதான். பிடிக்கப்பிடாதுன்னு போர்டு வச்சு அஞ்சு வருஷமாச்சு. ஆரும் தொடாத சிப்பி. வலுப்பம் கண்டியா?”

உண்மைதான், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. போன வாரம் கையுறை மாட்டிய இரண்டு பேர் அதே பாறையில் நாலைந்தைப் பெயர்த்து, புட்டியில் அடைத்துக்கொண்டு போனதை அவளும் பார்த்தாள். “ஜெஸ்லின், சிப்பி ஆயோ?” ஆயிற்றா என்று உள்ளிருந்து முதலாளியின் மலையாளக் குரல். ஒன்றை எடுத்து நகத்தால் தட்டுகிறாள். டக்கென்று மூடிக்கொள்கிறது. உயிரோடிருக்கும் சிப்பி எப்படிக் கெட்டதாகும்? “ஆயி,” என்று தொட்டியை உள்ளே தள்ளிவிடுகிறாள். எண்ணெய் சடசடக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவுகிறாள். நகக்கண்ணில் அந்த மயில்நிறம் அப்படியே இருக்கிறது.