கைபிடிக்காமல்

நூலகத்து மாடி அறையின் தரையில் காலை வெயில் கோடு கோடாகக் கிடக்கிறது. முதியோருக்கு உடற்பயிற்சி சொல்லித்தரக் கல்லூரியிலிருந்து வரும் பெண், "ம், மெதுவா எழுந்திருங்கம்மா" என்கிறாள். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மா, நாற்காலியின் கையைத் தொடாமலே எழுந்து நிற்கிறாள். முழங்கால் நடுங்கவில்லை. எல்லோரும் கைதட்டுகிறார்கள். வாசலில் நிற்கும் மகனைப் பூரிப்போடு திரும்பிப் பார்க்கிறாள். அவன் போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருக்கிறான். "அம்மா தேறிட்டாங்க. இனிமே தனியாவே சமாளிச்சுக்குவாங்க. நாம ரெண்டு பேரும் அந்தப் புது வீட்டுக்கே குடிபோயிடலாம்." கைதட்டல் ஓய்ந்த அறையில் ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் தெளிவாக விழுகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து அவனிடம் வருகிறாள். "என்னம்மா, இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்தீங்க?" என்று சிரித்துவிட்டு, அவன் முன்னால் படியிறங்குகிறான்.