ஆடிப்பிறப்புக் கூழ்

வெள்ளவத்தைக் கரையோரம் ரயில் போகிறது. மாடிவீட்டுக் குசினியின் யன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் சமையல் புத்தகம் விரிந்து கிடக்கிறது. கடற்காற்றுக்குப் பக்கம் புரளாதிருக்க அதன்மேல் கூழுக்கென்று வாங்கிய சீனிப் பைக்கற்றைப் பாரம் வைத்திருக்கிறாள் நேசமலர். தொண்டைப் புற்றுக்கு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் பிடித்ததிலிருந்து கணவர் தில்லைநாதனுக்குச் சோறு இறங்குவதில்லை. நாக்குக்கு ருசி திரும்பினால் சாப்பிடுவார், சாப்பிட்டால் எழும்பிவிடுவார் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வழக்கமாகப் போடும் பனங்கட்டி தொண்டையில் காறும் என்று இந்த ஆடிப்பிறப்புக்குச் சீனிக்கூழ். சாமிக்குப் படைக்கிற கூழ், அவள் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. தேங்காய்ப்பாலும் வறுத்த பயறும் மணக்கின்றன. யன்னல் வெயிலில் ஆவி எழும்ப, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டியை மெல்ல விழுங்குகிறார்.

“எப்பிடியப்பா இருக்கு?”

“அச்சா! சீனியெண்டாலும் இனிப்பு அளவா விழுந்திருக்கு. போன வருசம் பனங்கட்டியை அள்ளியெல்லோ கொட்டினீர்.”

“உங்கட வாய்க்கு ஆர் சமைச்சாலும் ஒரு குறை!”

சிரித்தபடி அகப்பையை எடுக்கத் திரும்புகிறாள். புத்தகத்தின்மேல் சீனிப் பைக்கற் பிரிக்கப்படாமலே இருக்கிறது.

“இன்னும் கொஞ்சம் விடுமன்” என்று அவர் கோப்பையை நீட்டுகிறார்.

“ஓம், விடுறன்” என்கிறாள், அவர் பக்கம் திரும்பாமல்.