கார்டின் முதுகு

புது கிரெடிட் கார்டு வந்த அன்றே இந்திராணி தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, கார்டின் பின்பக்கமிருந்த மூன்று எண்களையும் சுரண்டிவிட்டாள்.

"இனிமே கார்டு தொலைஞ்சாலும் எவனும் ஆன்லைன்ல கை வைக்க முடியாது."

"எனக்கே தெரியலைன்னா எப்படிடி?" என்றார் கணவர் குழந்தைவேலு.

"அதான் நான் இருக்கேன்ல."

அவர் போனில் எதை வாங்கினாலும் கடைசியில் அந்த மூன்று எண்களைக் கேட்கும். அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, திரையை மறைத்துக்கொண்டு தட்டிவிட்டுப் போவாள்.

"வாய்விட்டுச் சொன்னாத்தான் என்ன? வீட்டுக்குள்ள யாரு கேக்கப் போறா?" என்று எரிந்து விழுவார்.

ஒருநாள் அவளே வந்து, "காதைக் கொடுங்க, சொல்றேன். மனசுல வச்சுக்குங்க" என்று குனிந்தாள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர். அப்புறம் என்று கையை ஆட்டினார்.

அவள் இறந்தபின், படத்துக்கு ஃபிரேம் வாங்கப் போனை எடுத்தார். எண்களைக் கேட்டது. கார்டைத் திருப்பினார். வெள்ளையாய்ச் சுரண்டிய தடம். அதை விரலால் தடவிப் பார்த்தார்.

பேங்கில் சொல்லி வேறு கார்டு வந்தது. எண்கள் பளிச்சென்று இருந்தன. பீரோவைத் திறந்தார். தாலிக்கொடியில் ஊக்கு அப்படியே இருந்தது. கழற்றி, முதல் எண்ணின் மேல் அதன் முனையை வைத்துக்கொண்டு, அடுக்களைப் பக்கம் திரும்பி மூன்று எண்களையும் உரக்கச் சொன்னார்.