கொஞ்சம் நரை போதும்

தெங்கேராவில் என் போட்டோ கடைக்கு வந்த அப்புசாமி அங்கிள், மகனின் படத்தைப் போனில் காட்டினார்.

"வயசைக் கூட்டிக் காட்டுற சாப்ட்வேர் எது தம்பி? கொஞ்சம் நரை போதும்."

எல்லோரும் வயதைக் குறைக்கத்தான் கேட்பார்கள். "கம்ப்யூட்டர்ல செய்யறது உங்களுக்குக் கஷ்டம்லா அங்கிள். நான் செஞ்சு தரேன்."

"வேணாம், நானே கத்துக்கணும். மகன் புதுப் படம் அனுப்பலையான்னு வீட்டுல அடிக்கடி கேக்குறா."

"அவரையே அனுப்பச் சொல்லலாமே?"

அவர் கண் கலங்கியது. "கப்பல் வேலைக்குப் போன இடத்துல அவன் தவறிப் பல வருஷம் ஆச்சு. அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியமில்ல."

விரலால் தேய்த்த இடம் நரைக்கிற எளிய ஆப் ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி பாக்கியலட்சுமி ஆன்ட்டி அதே மகனின் படத்தோடு வந்தார்.

"இதுக்குப் பொட்டு வச்சு, மாலை போட்டு, பெரிசா பிரேம் பண்ணுப்பா. திதி வருது. லூபோக் சீனா ஊர்ல இருக்கிற என் தங்கச்சி வீட்டுல மாட்டிக்கிறேன்."

"அங்கிள் சொல்லிட்டாரா ஆன்ட்டி?"

"கப்பல் கம்பெனியிலேர்ந்து அப்பவே எனக்கும் போன் வந்துச்சு, அது அவருக்குத் தெரியாது. நேத்து, மகன் அனுப்பினான்னு ஒரு படம் காட்டினாரு. முடியோட சேர்ந்து காதும் நரைச்சிருந்துச்சு. அழகா இருக்கான்னு சொன்னேன். நான் நம்புறேன்னு நினைச்சுதான் அந்த மனுசன் சோறு திங்கிறாரு."