இரண்டாவது பிரேக்

அந்த டிரைவிங் ஸ்கூல் காருக்கு இரண்டு பிரேக். வலது பிரேக் ஓட்டப் பழகுகிறவருக்கு, இடது பிரேக் பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு.

ஜெயசீலன் பழக வந்த இருபது நாளும், செல்போன் சிணுங்கினால் போதும், அவர் கண் மடிக்குப் போய்விடும். உடனே மாஸ்டர் இடது பிரேக்கை மிதிப்பார். கார் நின்றுவிடும்.

"பாத்தியா? இன்னிக்கும் ஒரு ஆட்டுக்குட்டியக் காப்பாத்திட்டேன்" என்று பெருமையடித்தது இடது பிரேக்.

"நீ காப்பாத்திக்கிட்டே இரு. அவரு காலு என்னைத் தேடவே பழகல" என்றது வலது பிரேக்.

பொறாமையில் பேசுகிறது என்று இடது பிரேக் நினைத்துக்கொண்டது.

ஜெயசீலனுக்கு லைசென்ஸ் வந்தது. புதுக் காரும் வந்தது.

ஒரு சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் காருக்கு எதிரே அந்தப் புதுக் கார் வேகமாக வந்தது. உள்ளே ஜெயசீலனின் தலை மடியை நோக்கிக் குனிந்திருந்தது. அவருக்கு நேர் முன்னால் ஒரு சிறுமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

மாஸ்டரின் கால் பதறிப்போய் மிதித்தது. இடது பிரேக் தன் உயிரையெல்லாம் கூட்டி அடிவரை அழுந்தியது.

நின்றது டிரைவிங் ஸ்கூல் கார்தான்.