செம்பு சொன்ன ஆசை

நாலு பாகமாக நீண்ட ஒரு மாயக் கதையில் நீலவல்லி என்றொரு வீராங்கனை இருந்தாள். அவள் இடுப்புப் பையில் செம்பும் ஈயமும் குடியிருந்தன. நாக்கில் வைத்தால் உலோகம் கரைந்து அவளுக்குச் சக்தியாகும். செம்பு நெருப்பைத் தரும். ஈயம் என்ன தருமென்று யாருக்கும் தெரியாது.

"உனக்கென்னப்பா, ஒண்ணுக்கும் ஆகாதவனோட சக்தி கடைசிப் பாகத்துலதான் வெளிவரும். அதுவரைக்கும் உனக்குச் சாவில்ல" என்றது செம்பு. பிறகு, எதிரி அரசனைப் போலவே கட்டைக் குரலில் இருமிக் காட்டியது.

ஈயம் சிரிக்கவில்லை. "சிரிக்க வைக்கிறவன் மூணாம் பாகம் தாண்டமாட்டான்டா. வாயை மூடு."

செம்பு பயந்துபோய் மூடிக்கொண்டது. மூன்றாம் பாகத்தில் ஒரே அத்தியாயம் மிச்சமிருந்தபோது, தப்பித்துவிட்ட நிம்மதியில் மெல்லச் சொன்னது: "போர் முடிஞ்சதும் ஒரு வீட்டுல தண்ணிக் குடமா இருக்கணும். பசங்க கையை விட்டு அளையணும்."

"அதை ஏன்டா சொன்னே?" என்றது ஈயம். போருக்குப் பிறகு என்ன செய்வேன் என்று சொன்ன எவரையும் கதை விட்டுவைத்ததில்லை.

நீலவல்லியின் கை உள்ளே வந்தது. செம்பை எடுத்துக்கொண்டு போனது.

கடைசிப் பாகத்தில் எதிரி அரசனின் கோட்டை வாசலில் நின்று அவள் ஈயத்தை நாக்கில் வைத்தாள். ஈயம், தான் கேட்ட குரல்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது. அவள் வாயிலிருந்து அரசனின் இருமல் வந்தது. காவலர்கள் கதவைத் திறந்தார்கள்.

போரில் வென்றாள். எல்லாரும் ஆரவாரம் செய்தபோது, அவள் வாய் தானாகச் சொன்னது: "ஒரு வீட்டுல தண்ணிக் குடமா இருக்கணும்."

யாருடைய ஆசை அது என்று அவளுக்குத் தெரியவில்லை.