ஜமுக்காளத்தின் மறுமுனை

துறைமுக விபத்தில் வலக்கையை இழந்த ஞானதுரைக்கு, மூளையின் எண்ணத்தைப் படித்து இயங்கும் செயற்கைக் கையைப் பொருத்தியிருந்தார்கள். அதில் ஒரே ஒரு குறை இருந்தது. மனைவி மரியபுஷ்பம் எந்த வேலையைச் செய்தாலும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய கையும் காற்றில் அதையே செய்தது. மானம் போகிறதென்று, பழுதுபார்க்கும் ஷாஹிதாவை அவர் வரவழைத்தார்.

ஷாஹிதா வந்தபோது, மரியபுஷ்பம் ஈர ஜமுக்காளத்தின் ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான் பிழிகிறாள்; அவர் நாற்காலியில் அமர்ந்து பார்ப்பார். இன்று அவருடைய கையும் காற்றை முறுக்கியது.

"அடுத்தவங்க செய்றதப் பாத்தாலே, மூளை தானும் செய்யத் திட்டம் போட்டுரும் சார். எல்லாருக்கும் அப்படித்தான். கைக்குப் போகாம உள்ளேயே தடுத்துக்கிடும். அந்தத் தடுப்ப இதுலயும் வச்சிரட்டுமா?" என்றாள் ஷாஹிதா.

"சீக்கிரம் வைம்மா."

"இத்தன வருசமும் தடுத்துத்தான வச்சிருந்தீக," என்றாள் மரியபுஷ்பம். "அது கெடக்கட்டும். நீ காப்பி குடிச்சிட்டுப் போ தாயி."

குழாயிலிருந்த முடிச்சை அவிழ்த்து, அந்த முனையை அவருடைய செயற்கைக் கையில் கொடுத்தாள். பிறகு அவர் நன்றாகப் பார்க்கும்படி எதிரே நின்று, மெதுவாக முறுக்கத் தொடங்கினாள்.